மேற்கே மழை, இங்கே காற்று: ஓர் ஏத்தன் தோட்டத்தின் ஆறு நாட்கள்

தோவாளை தாலுகாவில், ஆரல்வாய்மொழி கணவாய்க்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஏத்தன் (நேந்திரன்) வாழைத் தோட்டத்தில் ஒரு ஜூன் மாதக் கடைசியில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் சொல்லவில்லை. அவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். எண்ணிக்கைகள் அந்த வீட்டு நோட்டுப் புத்தகத்திலிருந்தும், திங்கட்கிழமை நாங்கள் வரிசை வரிசையாக நடந்து எண்ணியதிலிருந்தும் எடுத்தவை. எங்கள் பகுதி விவசாயிகள் குழுவில் வானிலை அறிவிப்பைப் படித்துச் சுருக்கி அனுப்பும் பொறுப்பு என்னுடையது. இந்த நிகழ்வில் முதல் தவறு நடந்ததும் அந்த வேலையில்தான் என்பதால், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு மாவட்டம் முழுக்க ஒரே பசுமை என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மழைக்கும் கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து மழைக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஜூன், ஜூலையில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். காலையில் குலசேகரத்தில் குடையோடு பேருந்து ஏறுகிறவர், தோவாளையில் இறங்கும்போது தூசிக்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

காரணம் மலையும் கணவாயும்தான். ஈரக்காற்று உயரமான மலையில் மோதி மேலேறும் இடத்தில் குளிர்ந்து மழையாகிறது. மலை தாழ்ந்து இடைவெளி விடும் இடத்தில் அது மேலேற வேண்டியதில்லை. அகலமாக வந்த காற்று அந்த வாய்க்குள் நெருக்கிக்கொண்டு நுழையும்போது வேகம் கூடுகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் இதுவே காரணம். ஆக, பேச்சிப்பாறைக்கு மழை கொடுக்கும் அதே காற்றோட்டம்தான் எங்கள் மண்ணை உலர்த்தவும் செய்கிறது.

தோட்டம் ஒன்றேகால் ஏக்கர், பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த நிலம். செப்டம்பர் கடைசியில் 7 அடிக்கு 7 அடி இடைவெளியில் 1,100 மூடு (மரம்) ஏத்தன் நட்டிருந்தார்கள். ஓணத்துக்கு முன்னால் குலை வெட்ட வேண்டும் என்ற கணக்கில் நடும் பயிர் இது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் கிடைக்கும் விலைதான் அந்த ஆண்டின் பாட்டத்தையும் உரக்கடனையும் அடைக்கும். அதனால் நடவுக்காலத்தை மாற்றுவது எளிதல்ல. நடவை மாற்றாதவரை, குலை கனக்கும் காலமும் கணவாய்க் காற்றுக்காலமும் ஒன்றாகத்தான் வரும்.

ஏத்தன் காற்றுக்குத் தாங்காத வாழை. வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஓரடி, ஒன்றரை அடிக்குள் பரவி நிற்கும். தண்டு என்று நாம் சொல்வதும் இலை மட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சுற்றியதுதான். அதில் இருக்கும் நீரின் விறைப்புதான் அதை நிமிர்த்தி வைக்கிறது. உச்சியில் பத்துப் பன்னிரண்டு கிலோ எடை ஒரு பக்கமாகத் தொங்கும்.

தண்ணீருக்கு ஒரு கிணறும் 5 குதிரைத்திறன் மோட்டாரும் இருந்தன. தோவாளை கால்வாயில் அந்த வாரம் தண்ணீர் ஓடியது. ஆனால் இவர்கள் நிலம் கடைமடையில் இருப்பதால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அறிவிப்பில் இருந்ததும் நான் அனுப்பியதும்

வேளாண் வானிலைக் குறிப்பு வாரத்தில் செவ்வாய், வெள்ளி என இரண்டு நாள் வரும். அதோடு வானிலை மையத்தின் அன்றாட அறிவிப்பும் உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை அறிவிப்பில் எங்களுக்குத் தேவையான இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு. இன்னொன்று கீழே, மீனவர்களுக்கான எச்சரிக்கைப் பகுதியில்: குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும், வெள்ளி முதல் ஞாயிறு வரை மீனவர்கள் அங்கே செல்ல வேண்டாம்.

நான் முதல் வரியை மட்டும் குழுவுக்கு அனுப்பினேன். இரண்டாவது கடலுக்கானது, வாழைக்காரருக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இதில் இரண்டு பிழைகள். 'ஓரிரு இடங்களில்' என்பதை நான் சரியாக விளக்கவில்லை. மழைமானி நிலையங்களில் நாலில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யும் என்பது அதன் பொருள். மாவட்டத்தின் பெயரைப் போட்டிருப்பதால் மாவட்டம் முழுக்கப் பெய்யும் என்று கொள்ளக்கூடாது. தென்மேற்குப் பருவத்தில் அந்த நாலில் ஒரு பங்கு பெரும்பாலும் மலையோர, மேற்குப் பக்கத்து இடங்களாகவே இருக்கும். இரண்டாவது பிழை இன்னும் பெரியது. குமரிக்கடலில் 55 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, கரையோடு நின்றுவிடாது. கணவாய்க்கு முன்னால் உள்ள எங்கள் வயல்களைத் தாண்டித்தான் அது போக வேண்டும். மீனவர்களுக்கு எழுதிய அந்த வரி எங்களுக்கும் உரியது.

தோட்டத்துக்காரர் அண்ணாச்சி என் செய்தியைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதைத் தள்ளிப்போட்டார். அதற்கு முந்தைய முறையும் மோட்டார் பழுதால் தவறியிருந்தது. வழக்கமாக அந்த மாதத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை பாய்ச்சுவார். புதன்கிழமையோடு கடைசியாகப் பாய்ச்சி ஒன்பது நாள் ஆகியிருந்தது. "கனமழைன்னு போட்டிருந்தியே தம்பி, அதான் கரண்டை வீணாக்க வேண்டாமுன்னு நினைச்சேன்" என்றார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புதன்கிழமை தோட்டத்தில் பார்த்தது

புதன் மாலை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன் தோட்டத்துக்குள் நுழைந்தேன். இலைகள் நடுநரம்பில் மடிந்து தொங்கின. வெயில் நேரத்தில் வாழை இலை அப்படி மடிவது இயல்பு. ஆனால் மாலை ஐந்தரைக்கும் நிமிராமல் இருந்தால் வேருக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று பொருள். மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தோம். ஒரு சாண் ஆழம்வரை மண் பொடியாக உதிர்ந்தது. அதற்குக் கீழேதான் கையில் பிடித்தால் உருண்டை ஆகும் ஈரம் இருந்தது.

வடமேற்கே மலை தெரியவில்லை. கருமேகம் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. எங்கள் தலைக்கு மேலே சிறு மேகத் துணுக்குகள் வேகமாகக் கிழக்கே ஓடின, ஒன்றும் நிற்கவில்லை. அன்று காலை மழையளவுப் பட்டியலில் பேச்சிப்பாறை, பாலமோர் பக்கம் நல்ல மழை. மயிலாடி, கொட்டாரத்தில் சொல்லும்படி இல்லை. பேச்சிப்பாறை அணை மட்டம் ஏறுகிறது என்று வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. 48 அடி அணையில் தண்ணீர் பெருகும்போது அதன் கடைமடையில் வாழை வாடுவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனசு கனக்கும்.

திண்ணையில் இருந்த பாட்டா, அண்ணாச்சியின் அப்பா, "எடவப்பாதி தொடங்கினா மேக்கே மழை, நமக்குக் காத்துதான்டே. இது இப்ப வந்த சங்கதியா?" என்றார். எடவப்பாதி என்பது தென்மேற்குப் பருவமழைக்கு இங்கே சொல்லும் பெயர். அவர் சொன்னதற்குப் பிறகுதான் நான் கைபேசியில் செவ்வாய்க்கிழமை அறிவிப்பை முழுதாகத் திறந்து, நான் வெட்டிவிட்ட பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளி நண்பகலுக்கு முன்னால் எங்களிடம் ஒன்றரை நாள் இருந்தது.

அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மைனி, நோட்டை எடுத்து வந்தார். குலை தள்ளும் மாதத்தை வைத்து ஒவ்வொரு வாழையிலும் அவர் துணி கட்டி வைப்பது வழக்கம்: ஏப்ரலில் தள்ளியதற்குச் சிவப்பு, மேக்கு மஞ்சள், ஜூனுக்கு நீலம். நின்றவை 1,098 மூடு. சிவப்பு 170, மஞ்சள் 318, நீலம் 190. இன்னும் குலை தள்ளாதவை 420. பிறகு நாங்கள் எடுத்த முடிவுகள் அத்தனையும் இந்தத் துணிகளை வைத்துத்தான். அந்த நோட்டு இல்லாமல் போயிருந்தால் பார்த்த மாத்திரத்தில் பெரிதாகத் தெரிவதற்கெல்லாம் கம்பு கொடுத்திருப்போம்.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி தண்ணீர். பாய்ச்சினால் மண் இளகி மரம் வேரோடு சாயும் என்று அண்ணாச்சி பயந்தார். பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் காய்ந்த வாழையில் தண்டின் விறைப்பு போய், பாதியில் முறியும். வறண்ட காற்று மூன்று நாள் தொடர்ந்து அடித்தால் இலை வழியாக நீர் போய்க்கொண்டே இருக்கும். ஞாயிறுக்குள் நிலைமை இன்னும் மோசமாகும். அதோடு, காற்று அடித்தால் மின்கம்பி அறுந்து மோட்டார் ஓடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. எனவே வியாழன் விடியற்காலை மூன்று மணிக்கே தொடங்கி அளவாகப் பாய்ச்சிவிடுவது, வெள்ளி நண்பகலுக்குள் மேல்மண் இறுகி அடியில் ஈரம் நிற்கட்டும் என்று முடிவு செய்தோம்.

திட்டம் சரிதான், ஆனால் முழுதாக நடக்கவில்லை. மேல்பக்கத்து ஒரு ஏக்கர் வியாழன் காலை ஒன்பதுக்குள் முடிந்தது. அதோடு மின்சாரம் போய்விட்டது. பள்ளமாக உள்ள 25 சென்ட் நனையாமல் நின்றது. மின்சாரம் வெள்ளி விடியற்காலைதான் வந்தது. "மிச்சத்தையும் விட்டுரலாம்" என்று ஐந்து முதல் ஏழு மணிவரை அங்கே பாய்ச்சினோம். காற்றுக்கு ஐந்து மணி நேரம் முன்னால், அதுவும் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில். அந்த நேரத்தில் யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இரண்டாவது கேள்வி கம்பு. போன ஆண்டுச் சவுக்குக் கம்பு 280 கிடந்தது. தட்டிப் பார்த்ததில் 60 அடியில் உளுத்திருந்தது. கையில் இருந்த பணத்துக்கு வியாழன் பகலில் 140 கிடைத்தது. ஆக மொத்தம் 360, ஆனால் குலையோடு நிற்பவை 678.

எடை கூடிய சிவப்புத் துணி வாழைகளுக்கு முதலில் கொடுக்கலாம் என்றேன். எங்கும் சொல்லும் வழிமுறை அது. மைனி ஒத்துக்கொள்ளவில்லை. "சிவப்பு விழுந்தாலும் காயா எடுப்பான் தம்பி, விலைதான் கொறையும். மஞ்சள் விழுந்தா மாட்டுக்குத்தான் போடணும். நமக்கு ஓணத்துக்கு வெட்டுறது மஞ்சள்தான்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் கேள்வியையே அவர் மாற்றிவிட்டார். எது விழும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எது விழுந்தால் ஒன்றுமே மிஞ்சாது என்பது அவருடைய கணக்கு. முற்றத் தொடங்கிய ஏத்தங்காய்க்குச் சிப்ஸ் போடுகிறவர்களிடம் விலை உண்டு. பாதி திரண்ட காய்க்கு ஒன்றுமில்லை. கம்பு போதாத நிலையில் அவர் கணக்குதான் சரி என்று அன்றே ஒப்புக்கொண்டேன்.

அதன்படி மஞ்சள் 318க்கும் கம்பு. சிவப்பில் நன்றாக முற்றிய 38 குலைகளை வியாழன் மாலையே வெட்டி வியாபாரிக்குக் கொடுத்தோம். மிச்சம் 132 சிவப்பில், அதிகமாகச் சாய்ந்து நின்ற 42க்கு மீதிக் கம்பு. 90 சிவப்புக்கு எதுவும் இல்லை. நீலம் 190க்கும் பிளாஸ்டிக் கயிறு. பிஞ்சுக்குலை, எடை குறைவு.

கம்பு வைக்கும் திசையிலும் கவனம் வேண்டியிருந்தது. மேல்காற்று தள்ளுவது கிழக்கே. எனவே கிழக்குப் பக்கம் அடி ஊன்றி, குலைக்குக் கீழே கழுத்தில் முட்டுக் கொடுத்து, கம்பு தண்டில் உரசும் இடத்தில் சருகை மடித்து வைத்துக் கட்டினோம். சருகு வைக்காமல் கட்டினால் காற்றில் கம்பே தண்டை அறுக்கும்.

கயிறு விஷயத்தில் நான் தவறு செய்தேன். மேற்கோரத்து இரண்டு வரிசையில், சற்றுப் பிந்தி நட்ட பகுதியில், 46 நீலத்துணி வாழைகள் இருந்தன. அவற்றைக் கழுத்தோடு கழுத்தாக ஒன்றோடொன்று கட்டச் சொன்னேன். ஒன்றை ஒன்று தாங்கும் என்று நினைத்தேன். கட்டிக்கொண்டிருந்த கூலியாள் ஒருவர், ஒன்றின் கழுத்தைப் பக்கத்து மூட்டின் அடியில் கட்டுவதுதான் தங்கள் ஊர் வழக்கம் என்றார். மீதி 144ஐயும் அவர் சொன்னபடி கட்டினோம். முதல் 46ஐ அவிழ்த்துக் கட்ட நேரம் இல்லை.

பிறகு இலை. தொங்கும் காய்ந்த இலைகளையும் பழுத்த அடியிலைகளையும் மட்டும் கழித்தோம். காற்றுப் பிடிக்கும் பரப்பைக் குறைக்கப் பச்சை இலைகளையும் வெட்டலாம் என்று ஒரு பேச்சு வந்தது. குலை தள்ளும் கட்டத்தில் வாழைக்கு எட்டு நல்ல இலையாவது இருந்தால்தான் காய் திரளும் என்பதால் அதைத் தொடவில்லை. குலை நுனியில் நின்ற கூம்புகளை (வாழைப்பூக்களை) ஒடித்தோம். கொஞ்சம் எடை குறைந்தது.

கழித்த சருகு மேற்கு வரப்பில் குவிந்தது. வியாழன் இரவு அதற்குத் தீ வைக்கப் பாட்டா ஆயத்தமானார். நிலம் முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது, காற்று வரும் திசையில் ஒரு சருகுக் குவியலை எரிப்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லி நிறுத்தினோம். இரவோடு இரவாகச் சருகை மரத்தடிகளில் பரப்பி மேலே இரண்டு மண்வெட்டி மண் போட்டோம். ஈரம் காக்கவும் உதவியது.

வெள்ளி முதல் ஞாயிறு வரை

வெள்ளி காலை பத்து மணிவரை வழக்கமான காற்றுதான். பதினொன்றரைக்குப் பிறகு இடைவிடாமல் அடிக்கத் தொடங்கியது. எங்களிடம் காற்றுமானி இல்லை, எனவே வேகம் இவ்வளவு என்று சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்து மதிப்பிட ஒரு பழைய அளவுகோல் உண்டு: முழு மரமும் ஆடி, எதிர்த்து நடப்பது சிரமமானால் மணிக்கு 50 முதல் 61 கிலோமீட்டர், மரத்தின் சிறுகிளைகள் ஒடிந்து விழுந்தால் 62க்கு மேல். அன்று வேம்பு முழுதாக ஆடியது. மூன்று மணிக்கு மேல் இடையிடையே வந்த வீச்சில் கிளைகள் ஒடிந்தன.

மரங்கள் சராசரிக் காற்றில் விழவில்லை, அந்த வீச்சுகளில்தான் விழுந்தன. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி கூடும். வேகம் 30லிருந்து 60 ஆனால் தள்ளும் விசை நான்கு மடங்கு. 45க்கும் 65க்கும் இடையிலேயே விசை இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அறிவிப்பில் 'இடையிடையே' என்று வரும் எண்ணைத்தான் வாழைக்காரர் பார்க்க வேண்டும்.

நாலேகாலுக்கு மின்சாரம் போனது. மேற்கோரத்தில் ஒரு வாழை முறிந்து விழுந்தபோது கூடக் கட்டியிருந்த இரண்டையும் இழுத்துக்கொண்டு போனது. கண்ணெதிரே நடந்தது. அண்ணாச்சி அரிவாளோடு ஓடி மீதிக் கயிறுகளை அறுக்கப் பார்த்தார். காற்றில் உள்ளே போவது ஆபத்து என்று பிடித்து நிறுத்தினோம். அந்த முடிவை எத்தனை முறை கேட்டாலும் மாற்ற மாட்டேன்.

சனிக்கிழமை விடியலில் சற்றுத் தணிந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் சாய்ந்து நின்ற 20 மரங்களுக்கு விழுந்த மரங்களின் கம்பை எடுத்து வைத்தோம். பிற்பகலில் மறுபடி அதே வேகம். ஞாயிறு மாலைதான் காற்று இறங்கியது. மூன்று நாளில் மழை என்று வந்தது இரண்டு முறை முகத்தில் பட்ட சாரல் மட்டும், மண்ணின் நிறம்கூட மாறவில்லை. மேற்கே கனமழை பெய்தது. அறிவிப்பு பொய்க்கவில்லை.

திங்கட்கிழமை எண்ணியது

காற்றை எதிர்கொண்ட 1,060 மூட்டில் விழுந்தவை 118. கம்பு கொடுத்த 360இல் 14. கயிறு கட்டிய 190இல் 27. குலையோடு எந்தத் துணையும் இல்லாமல் நின்ற 90இல் 43. குலை தள்ளாத 420இல் 34.

கயிறு கட்டியதில் விழுந்த 27இல் 16, கழுத்தோடு கழுத்துக் கட்டிய அந்த 46இல் இருந்தவை. பக்கத்து மூட்டின் அடியில் கட்டிய 144இல் போனது 11 மட்டும். மேற்கோரம் காற்றை முதலில் வாங்கும் இடம் என்பதால் முழுப் பழியையும் கட்டிய முறைமேல் போட முடியாது. ஆனால் ஒன்று இரண்டை இழுத்ததை நான் பார்த்தேன்.

எப்படி விழுந்தன என்பதும் முக்கியம். 70 நடுத்தண்டில் முறிந்தவை, 48 வேரோடு சாய்ந்தவை. வேரோடு சாய்ந்த 48இல் 37 அந்தப் பள்ளத்து 25 சென்ட்டில் இருந்தன. வெள்ளி காலை பாய்ச்சிய இடம். குலையே இல்லாத இளவாழைகூட அங்கே சாய்ந்து கிடந்தது. மண்ணில் கால் வைத்தால் கணுக்கால்வரை புதைந்தது. ஒரு நாள் முன்னால் பாய்ச்சிய மேல்பக்கம் முழுக்கச் சேர்த்தே வேரோடு போனது 11தான்.

ஒரே தோட்டத்து எண்ணிக்கை இது. இன்னொரு மண்ணில், இன்னொரு காற்றில் வேறு மாதிரி வரலாம். ஆனால் தண்ணீர் பாய்ச்சலாமா கூடாதா என்ற பழைய வாதத்துக்கு, அந்தத் தோட்டம் எப்போது என்று பதில் சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு நடந்தது

துணையில்லாமல் விழுந்த 43 சிவப்பில் 29 குலைகள் காயாக விலை போயின, குறைந்த விலைக்கு. மைனி சொன்னது அப்படியே நடந்தது. மஞ்சளில் போனது பத்துக்கும் குறைவு.

சேதம் பார்க்க கிராம நிர்வாக அலுவலகத்திலிருந்து வந்தார்கள். பேரிடர் நிவாரண விதிப்படி 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர்ச் சேதம் இருந்தால்தான் உதவித்தொகைக்குப் பரிந்துரைக்க முடியும். இங்கே சேதம் 11 சதவீதம். வந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். அண்ணாச்சி அதற்கு வருத்தப்படவில்லை. ஆனால் இரண்டு வயல் தள்ளி, கம்பே வைக்காத ஒரு தோட்டத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. அவர் நிலத்துக்கு எழுத்துப்பூர்வமான பாட்டச்சீட்டு கிடையாது. விண்ணப்பத்தில் யார் பெயரைப் போடுவது என்பதிலேயே அவருக்குப் பல நாள் போனது. வாய்ச்சொல்லில் பாட்டம் எடுத்துப் பயிர் செய்கிறவர்கள் எங்கள் பகுதியில் அதிகம். காற்று அடித்த பிறகுதான் அந்தத் தாளின் அருமை தெரிகிறது என்பது என்னை இன்றுவரை உறுத்துகிறது.

மின்சாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று இரவே தண்ணீர் பாய்ச்சினார்கள். இலைகள் நரம்பு நரம்பாகக் கிழிந்து நாராகத் தொங்கின. பார்க்கப் பயமாக இருந்தாலும், இலை அப்படிக் கிழிவது காற்றுக்கு வழி விட்டு மரத்தைக் காப்பாற்றும். கிழிந்த இலையும் வேலை செய்யும். வேரோடு போன இடங்களில் பக்கக்கன்று ஒன்றை மட்டும் விட்டு மறுதாம்புக்கு, அதாவது அடுத்த விளைச்சலுக்கு, வளர்த்தார்கள்.

ஓணத்துக்கு மஞ்சள் குலைகள் நல்ல திரட்சியோடு போயின. நீலத்தில் எடை குறைந்திருந்தது. பாட்டமும் உரக்கடனும் அடைந்தன. கையில் மிஞ்சியது அதிகமில்லை.

மாற்றிக்கொண்டவை

என் வேலையில் முதலில் மாற்றம். ஜூன் முதல் செப்டம்பர் வரை குழுவுக்கு அனுப்பும் செய்தியில் முதல் வரி காற்று: குமரிக்கடலுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் சொன்ன வேகம், இடையிடையே எவ்வளவு, எந்த நாள் முதல். மழை இரண்டாவது வரி. அதில் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல், மலையோரத்துக்கா நமக்கா என்று என் கணிப்பையும் கணிப்பு என்று சொல்லியே எழுதுகிறேன். முழு அறிவிப்பையும் கீழே சேர்த்துவிடுகிறேன், நான் தேவையில்லை என்று வெட்டும் வரி யாருக்கு உதவும் என்று எனக்குத் தெரியாது.

இங்கே ஒக்கிப் புயலையும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் புயல் என்ற சொல்லுக்கு எல்லாரும் நடுங்குகிறோம். அன்று வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் பெயர் வைக்காத காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆண்டுதோறும் பருவத்தில் வந்து போகும் காற்று என்பதால், தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுவதை இழப்பு என்றே எழுதி வைப்பதில்லை. மைனியின் நோட்டில் இப்போது அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

தோட்டத்தில் பள்ளத்து 25 சென்ட்டுக்குத்தான் இனி முதல் தண்ணீர். காற்றுக்கு ஒரு முழு நாள் இடைவெளி கிடைக்காவிட்டால் அங்கே பாய்ச்சுவதில்லை. வடிகால் ஒன்றும் வெட்டியிருக்கிறார்கள். கயிறு கட்டினால் கழுத்திலிருந்து அடிக்குத்தான்.

மேற்கு வரப்பில் இரண்டு வரிசை சவுக்கு நட்டாயிற்று. சுவர்போல அடைத்து நடவில்லை. அடைத்த தடுப்பில் மோதிய காற்று மேலேறி, அடுத்த பக்கம் சுழன்று விழும். பாதிக் காற்றையாவது ஊடே விடும் வேலிதான் நிதானமாகத் தணிக்கும். தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை அதன் நிழலில் காற்று குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 20 அடி வளர்ந்தால்தான் தோட்டத்தின் பெரும்பகுதிக்குப் பயன் கிடைக்கும். பாட்ட நிலத்தில் மரம் வைக்க நில உரிமையாளர் முதலில் தயங்கினார். வளர்ந்த மரத்தை வெட்டும்போது பாதிப் பணம் அவருக்கு என்று பேசி ஒத்துக்கொண்டார்.

கம்பு வாங்குவதை இனி ஜூனுக்கு விடுவதில்லை. அடுத்த ஆண்டு மே மாத நடுவிலேயே 500 சவுக்குக் கம்பு வந்து இறங்கியது. அடிப்பக்கம் ஒன்றரை அடி தார் பூசி, மாட்டுத்தொழுவத்துச் சாய்ப்பில் படுக்க வைத்திருக்கிறார்கள். மஞ்சள் துணி கட்டும்போதே அந்த வாழைக்குக் கம்பும் ஊன்றியாகிவிடுகிறது.